மதராஸ் சட்டங்களின் நீண்ட ஆயுள்

ஆங்கிலேயர் ஆட்சியிலும் விடுதலைக்குப் பிந்தைய முதல் இருபது ஆண்டுகளிலும் இயற்றப்பட்ட சட்டங்களைப் பற்றி நாம் ஏன் இன்னும் நீதிமன்றத்திலும் அரசியல் மேடையிலும் வாதாடிக்கொண்டிருக்கிறோம், அவற்றை நீக்கிவிட்டுப் புதிதாக எழுதினால் இந்தச் சச்சரவுகள் தீர்ந்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தீராது என்பதே என் விடை. ஒரு சட்டம் தன் காலத்துப் பிரச்சினைக்கு விடை சொல்வதோடு நிற்பதில்லை; அந்தப் பிரச்சினையை எந்தக் கேள்வியாக எழுப்ப வேண்டும், யார் எதை நிரூபிக்க வேண்டும், வழக்குத் தொடுக்க யாருக்குத் தகுதி உண்டு என்பதையெல்லாம் சேர்த்தே வகுத்துவிடுகிறது. விடையை அடுத்து வரும் சட்டமன்றம் மாற்றிவிடலாம். கேள்வியின் அமைப்பை மாற்றுவது அத்தனை எளிதன்று, ஏனென்றால் அதை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் அதற்குள் நின்றே வாதாடப் பழகிவிடுகிறார்கள். இதைக் காட்ட வெளியூர் உதாரணங்களைத் தேட வேண்டியதில்லை. ஜார்ஜ் கோட்டையில் பிறந்து, பாரிமுனை உயர்நீதிமன்றத்தில் அடிபட்டு, டெல்லி வரை போன மதராஸ் சட்டங்களும் அரசாணைகளுமே போதும்.

சட்டநுணுக்கம் சார்ந்த பகுதியை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். 1950 ஜனவரி 26 அன்று அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அதற்கு முன் இருந்த சட்டங்கள் திருத்தப்படும் வரை அல்லது நீக்கப்படும் வரை தொடரும் என்று 372ஆவது கூறு சொன்னது. அடிப்படை உரிமைகளுக்கு முரணானவை அந்த முரண்பாட்டின் அளவுக்குச் செல்லாமல் போகும் என்று 13ஆவது கூறு சொன்னது. நீக்கப்பட்ட சட்டமும் உடனே மறைந்துவிடுவதில்லை. அந்தச் சட்டத்தின் கீழ் ஏற்கெனவே பிறந்த உரிமை, ஏற்பட்ட கடப்பாடு, தொடங்கிய வழக்கு ஆகியவை நீக்கத்தால் பாதிக்கப்படமாட்டா என்பது 1897ஆம் ஆண்டுப் பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 6ஆவது பிரிவு. இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டாலும், அதற்கு முந்தைய நாள் வரை நடந்த குற்றங்களுக்குப் பழைய பிரிவுகளே பொருந்தும் என்பதால், எழும்பூர் நீதிமன்றங்களில் இன்னும் பல ஆண்டுகளுக்கு இரண்டு எண்வரிசைகளும் அருகருகே புழங்கத்தான் செய்யும். (ஏமாற்றுக் குற்றம் 318ஆவது பிரிவுக்கு இடம் மாறிவிட்டது; 'ஃபோர் ட்வென்ட்டி' என்ற வசவு இடம் மாறப்போவதில்லை.)

ஆனால் உங்கள் கேள்வி இந்தக் காப்புப் பிரிவுகளைப் பற்றியதன்று என்று நினைக்கிறேன். அரசியல் ஏன் பழைய சட்டத்தைச் சுற்றியே வருகிறது என்பதுதான் நீங்கள் கேட்பது. அதற்கு 1951ஆம் ஆண்டின் அரசியலமைப்பு முதல் திருத்தத்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

நீதிக்கட்சி ஆட்சியில் 1921இல் தொடங்கிய வகுப்புவாரி அரசாணை பல மாற்றங்களைக் கண்டு, 1947இல் ஒவ்வொரு 14 இடங்களையும் இப்படிப் பங்கிட்டது: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அன்றைய அரசாணையின் சொல்லில் அரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1. மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் இதன்படி இடம் கொடுத்ததை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்குகளில் சென்னை உயர்நீதிமன்றம் 1950இலும், செண்பகம் துரைராஜன் வழக்கு என்று இன்றும் அழைக்கப்படும் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரல் 9 அன்றும், இந்த அரசாணை செல்லாது என்றன. மதம், சாதி ஆகியவற்றை மட்டும் காரணமாகக் கொண்டு ஒரு குடிமகனுக்கு அரசுக் கல்லூரியில் இடம் மறுக்கக் கூடாது என்ற 29ஆவது கூறின் இரண்டாம் உட்பிரிவு, நலிந்த பிரிவினரைப் பேணச் சொல்லும் வழிகாட்டு நெறியைவிட மேலானது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பெரியாரின் கிளர்ச்சியும் மாகாணக் காங்கிரசாரின் நெருக்குதலும் டெல்லியைத் தொட்டன. தீர்ப்பு வந்த மூன்றாவது மாதமே, 1951 ஜூன் 18 அன்று, முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்து, பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு இடம் தரும் நான்காம் உட்பிரிவை 15ஆவது கூறில் சேர்த்தது.

இங்கேதான் நான் சொல்ல வந்தது நடக்கிறது. அரசாணை செத்துப்போனது, 14 இடப் பங்கீடு திரும்பி வரவேயில்லை. ஆனால் அதை எதிர்கொள்ள எழுதப்பட்ட 'சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினர்' என்ற தொடர், அதன் பிறகு இந்தியாவில் நடந்த ஒவ்வொரு இடஒதுக்கீட்டு விவாதத்துக்கும் எல்லைக்கோடாகிவிட்டது. பொருளாதாரத்தையும் அதில் சேர்க்க வேண்டும் என்று கே.டி. ஷா நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த திருத்தம் அன்று ஏற்கப்படவில்லை. 2019இல் 103ஆவது திருத்தம் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 விழுக்காடு தந்தபோது தமிழ்நாட்டுக் கட்சிகளில் பெரும்பாலானவை எழுப்பிய ஆட்சேபணை 1951இல் ஏற்கப்படாத அந்தச் சொல்லைப் பற்றியதுதான். உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் அந்தத் திருத்தம் செல்லும் என்றது. தமிழ்நாடு தன் கல்வி நிறுவனங்களிலும் பணிகளிலும் அதை நடைமுறைப்படுத்தாமல் நின்றது. இரண்டு தரப்பும் தங்களுக்குச் சாதகமாக மேற்கோள் காட்டியது முதல் திருத்தத்தின் வாசகத்தை.

அதே முதல் திருத்தம்தான் ஒன்பதாவது அட்டவணையையும் உண்டாக்கியது. ஜமீன் ஒழிப்பு உள்ளிட்ட 13 சட்டங்களை அடிப்படை உரிமை வழக்குகளிலிருந்து காப்பாற்றுவதற்காக ஏற்பட்ட பட்டியல் அது. இடஒதுக்கீட்டுக்கும் அதற்கும் அன்று ஒரு தொடர்பும் இல்லை. 1992 நவம்பரில் இந்திரா சஹானி வழக்கில் ஒதுக்கீடு பொதுவாக 50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று ஒன்பது நீதிபதிகள் சொன்ன பிறகு, 69 விழுக்காடு வைத்திருந்த தமிழ்நாடு 1993இல் ஒரு சட்டமூலத்தை நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் பெற்று, 1994இல் 76ஆவது திருத்தத்தின் மூலம் அந்த அட்டவணைக்குள் குடியேறியது. ஜமீன் ஒழிப்புச் சட்டங்களுக்காகப் போட்ட கூரையின் கீழ் ஓர் இடஒதுக்கீட்டுச் சட்டம்.

கூரை முழுமையானதாக இருக்கவில்லை என்பது வேறொரு தமிழ்நாட்டுச் சட்டத்தின் வழியாகத் தெரியவந்தது. நீலகிரி மாவட்டம் கூடலூரின் ஜென்ம நிலங்களை, அதாவது ஜென்மிகள் எனப்பட்ட பரம்பரை நிலவுடைமையாளர்களின் நிலங்களை, அரசுடைமையாக்கி, உழுபவர் நேரடியாக அரசுக்கு வரி கட்டும் ரயத்துவாரி முறைக்கு மாற்ற 1969இல் ஒரு சட்டம் வந்தது. ஜென்ம எஸ்டேட்டுகளின் காடுகளைப் பொறுத்தவரை அது செல்லாது என்று 1972இல் உச்ச நீதிமன்றம் சொல்ல, 1974இல் 34ஆவது திருத்தம் அந்தச் சட்டத்தை அப்படியே ஒன்பதாவது அட்டவணையில் ஏற்றிவிட்டது. நீதிமன்றம் செல்லாது என்ற ஒன்றை நாடாளுமன்றம் இப்படி உயிர்ப்பிக்கலாமா என்பதே ஐ.ஆர். கோயலோ வழக்கு. 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது, அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமும் மாற்ற முடியாது என்ற கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அட்டவணையில் சேர்ந்த எந்தச் சட்டமும் அந்தக் கட்டமைப்புக்கு முரணாக உள்ளதா என்று சோதிக்கப்படலாம் என்பது. 69 விழுக்காட்டுச் சட்டம் சேர்ந்தது 1994இல். ஆகவே கூடலூர்த் தோட்டங்களைப் பற்றிய ஒரு வழக்கு, சென்னையில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் மாணவரின் ஒதுக்கீட்டுக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கிறது. கூடலூரிலோ, தோட்டக் குத்தகை நிலங்களைப் பற்றிய, அந்த 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தொடர்பான நிலங்களில் குடியிருப்போரின் பட்டாக் கோரிக்கை ஒவ்வொரு தேர்தலிலும் திரும்பத் திரும்ப எழுகிறது. 'பிரிவு 17 நிலம்' என்றால் அங்கே எல்லோருக்கும் புரியும்.

வன்னியருக்கான 10.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுச் சட்டம் 2021இல் வந்து 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றத்தில் வீழ்ந்தபோதும், 1994இல் அட்டவணைக்குள் போன சட்டத்தைத் திருத்தாமல் மாநிலம் இப்படி ஒரு தனிச் சட்டம் இயற்ற முடியுமா என்பது முக்கியக் கேள்விகளில் ஒன்றாக இருந்தது. முடியும் என்றது உச்ச நீதிமன்றம். அந்தச் சட்டம் விழுந்தது பழைய தரவுகளை நம்பியதால். அதிலும் ஒரு பாடம் உண்டு என்று நினைக்கிறேன்: பழைய சட்டத்தின் நிழல் எவ்வளவு நீளம் என்று நாமே மிகைப்படுத்திக்கொள்ளும் சமயங்களும் உண்டு.

முதல் திருத்தத்தின் மூன்றாவது கிளையும் மதராஸில் முளைத்ததே. பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வார இதழை 1949ஆம் ஆண்டின் மதராஸ் பொது அமைதிச் சட்டத்தின் கீழ் மாகாண அரசு தடை செய்தது. அதன் ஆசிரியர் ரமேஷ் தாப்பர் தொடுத்த வழக்கில் 1950 மே மாதம் உச்ச நீதிமன்றம், பொது ஒழுங்கு என்ற காரணத்தைச் சொல்லிப் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த 19ஆவது கூறு இடம் தரவில்லை என்றது. உடனே பொது ஒழுங்கு அந்தக் கூறுக்குள் எழுதிச் சேர்க்கப்பட்டது, கூடவே கட்டுப்பாடு 'நியாயமானதாக' இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, திராவிட நாடு கோரிக்கையை மனத்தில் வைத்து, சி.பி. ராமசாமி ஐயர் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி வந்த 16ஆவது திருத்தம், 1963 அக்டோபரில் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் அதே பட்டியலில் சேர்த்தது. தேர்தலில் நிற்போர் எடுக்க வேண்டிய உறுதிமொழியிலும் நுழைத்தது. தி.மு.க. அதே ஆண்டில் பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டு மாநில சுயாட்சிக்கு நகர்ந்தது. கோரிக்கை போய் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. சென்னையில் தேர்தல் நடத்தும் அலுவலர் முன்னால் வேட்புமனுவோடு நிற்கும் வேட்பாளர், எந்தக் கட்சியைச் சேர்ந்தவரானாலும், அந்தக் கோரிக்கையை மறுப்பதற்காக எழுதப்பட்ட வரியை இன்றும் உரக்கப் படித்துக் கையெழுத்திடுகிறார். தேசத்துரோகப் பிரிவின் இடத்தில் வந்ததாகச் சொல்லப்படும் புதிய சன்ஹிதாவின் 152ஆவது பிரிவும் இந்தச் சொற்களையே கையாள்கிறது.

சில சமயம் பழைய சட்டத்தில் இருந்து புதியதில் விடுபட்டுப்போன சொல்கூட வழக்கை நடத்தும். ஆளுநர் சட்டமூலங்களை நிறுத்திவைத்த விவகாரம் அப்படிப்பட்டது. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 75ஆவது பிரிவு, சட்டமூலத்தைத் திருப்பி அனுப்பும் அதிகாரத்தை ஆளுநரின் விருப்புரிமைக்கு உட்பட்டது என்று வெளிப்படையாகச் சொன்னது. அதன் வழித்தோன்றலான நம் 200ஆவது கூறில் அந்தச் சொல் இல்லை. விட்டுவிட்டதால் விருப்புரிமையே இல்லையா, சொல்லாமலே இருக்கிறதா? தமிழ்நாட்டின் பத்துச் சட்டமூலங்கள் பற்றி 2025 ஏப்ரலில் இரு நீதிபதிகள் வழங்கிய தீர்ப்பிலும், குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்கு அதே ஆண்டு நவம்பரில் ஐந்து நீதிபதிகள் வழங்கிய கருத்திலும் 200ஆவது கூறின் எல்லையே பேசுபொருள். நீதிமன்றம் ஆளுநருக்குக் காலக்கெடு விதிக்க முடியாது என்று பிந்தைய கருத்து சொன்னதால் இந்த விவாதம் மீண்டும் கோட்டைக்கும் கிண்டிக்கும் இடையே வந்து நிற்கிறது.

இவை எல்லாவற்றையும்விட என்னை அதிகம் யோசிக்க வைப்பது கோயில் நிர்வாகச் சட்டம்தான், ஏனென்றால் அங்கே பழையதும் புதியதும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. கிழக்கிந்தியக் கம்பெனி 1817ஆம் ஆண்டு ஒழுங்குவிதியால் அறக்கட்டளைகளை வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது. பிற சமயக் கோயில்களைக் கிறித்தவ அரசு நிர்வகிப்பதா என்ற எதிர்ப்பு இங்கிலாந்தில் எழவே, ஆங்கிலேய அரசு கையைக் கழுவிக்கொண்டு, 1863ஆம் ஆண்டுச் சட்டத்தால் உள்ளூர்க் குழுக்களிடமும் அறங்காவலர்களிடமும் ஒப்படைத்தது. அந்த ஏற்பாட்டில் நடந்த முறைகேடுகளைக் காரணம் காட்டி, பனகல் அரசர் முதலமைச்சராக இருந்தபோது நீதிக்கட்சி கொண்டுவந்ததே அறநிலையச் சட்டம். 1925இல் இயற்றப்பட்டது செல்லுமா என்ற ஐயம் எழுந்ததால் 1927இல் மறுபடியும் இயற்றப்பட்டது. 1951இல், அந்தச் சட்டம் அமைத்திருந்த அறநிலைய வாரியம் போய் ஆணையரின் கீழ் அரசுத் துறை வந்தது. இன்று நடைமுறையில் உள்ளது 1959ஆம் ஆண்டுச் சட்டம்.

1951ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து, அன்று மதராஸ் மாகாணத்தில் இருந்த உடுப்பியின் சீரூர் மடாதிபதி தொடுத்த வழக்கில், ஒரு மதத்தின் இன்றியமையாத பகுதி எது என்பதை முதன்மையாக அந்த மதத்தின் கோட்பாடுகளைக் கொண்டே அறிய வேண்டும் என்று நீதிபதி பி.கே. முகர்ஜி 1954இல் எழுதினார். அந்தச் சட்டத்தை 1959ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிவிட்டது. தீர்ப்பின் அந்த வரியோ, சபரிமலை வரை எல்லா வழக்குகளிலும் அளவுகோலாக நின்றுவிட்டது. ஒரு மாகாணத்தின் கோயில் கணக்குவழக்கைச் சரிசெய்ய வந்த சட்டம், இந்தியாவில் மதச் சுதந்திரம் என்றால் என்ன என்ற கேள்வியின் வடிவத்தையே தீர்மானித்துவிட்டது என்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்?

சிதம்பரம் இன்னும் தெளிவான கதை. நடராசர் கோயிலுக்குச் செயல் அலுவலரை நியமிக்க 1951இல் அரசு வெளியிட்ட அறிவிக்கையை, சீரூர் மடத்தின் வழக்கோடு சேர்த்து விசாரித்த சென்னை உயர்நீதிமன்றம், அந்தக் கோயிலை நிர்வகித்துவந்த பொது தீட்சிதர்கள் ஒரு தனிச் சமயப் பிரிவினர் என்று ஏற்று, அந்த ஆண்டு டிசம்பரில் ரத்து செய்தது. அரசு மேல்முறையீடு செய்தது. பிறகு அறிவிக்கையையே திரும்பப் பெற்றுக்கொண்டதால் 1954இல் அந்த முறையீடு தள்ளுபடியானது. 1987இல், இப்போது 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45ஆவது பிரிவின் கீழ், மறுபடியும் செயல் அலுவலர் நியமிக்கப்பட்டார். 2009இல் உயர்நீதிமன்றம் அதை ஏற்றது. 2014 ஜனவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு: தீட்சிதர்கள் சமயப் பிரிவினர் என்பது 1951 தீர்ப்பிலேயே இறுதியாகிவிட்டது, அதே தரப்பினரிடையே அதை மறுபடி கிளற முடியாது, மேலும், நிர்வாகச் சீர்கேட்டைக் களைய அரசு கோயிலை எடுத்தாலும் அது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே, குறை தீர்ந்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும். அறுபது ஆண்டுகளுக்கு முன், நீக்கப்பட்டுவிட்ட ஒரு சட்டத்தின் கீழ், அரசு தன் மேல்முறையீட்டைத் தொடராமல் விட்டதன் விளைவு 2014இல் வந்து விழுந்தது. கோயில்களை விட்டு அரசு வெளியேற வேண்டும் என்போர் இத்தீர்ப்பின் இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொள்கிறார்கள். துறை இருக்க வேண்டும் என்போர் 1920களின் முறைகேடுகளை நினைவூட்டுகிறார்கள். இரண்டும் உண்மை என்பதுதான் சிக்கல்.

அர்ச்சகர் விவகாரமும் இந்தத் தடத்திலேயே ஓடுகிறது. பரம்பரை உரிமையை 1970ஆம் ஆண்டுத் திருத்தம் ஒழித்தது. 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றபோதே, நியமனம் உலகியல் செயல், ஆனால் நியமிக்கப்படுபவர் கோயில் வழிபாட்டு விதிகளான ஆகமத்துக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும் என்று ஒரு கண்ணியை வைத்தது. 2006ஆம் ஆண்டு அரசாணை, அதன் மீதான 2015 தீர்ப்பு, பயிற்சி பெற்ற பல சாதியினருக்கு 2021 ஆகஸ்டில் வழங்கப்பட்ட பணி ஆணைகள், எவை ஆகமக் கோயில்கள் என்று கண்டறியக் குழு அமைக்கச் சொன்ன 2022ஆம் ஆண்டு உயர்நீதிமன்றத் தீர்ப்பு ஆகிய அனைத்தும் அந்தக் கண்ணியைச் சுற்றியே வருகின்றன. சாதிச் சமத்துவம் பற்றிய ஓர் அரசியல் கேள்வி, எந்தக் கோயிலில் எந்த ஆகமம் என்ற ஆவணக் கேள்வியாக மாறிப்போனது என் பார்வையில் ஓர் இழப்பு.

சரி, 1959ஆம் ஆண்டுச் சட்டத்தை நாளைக்கே நீக்கிவிட்டால்? 1863ஆம் ஆண்டுச் சட்டம் தானாக எழுந்து வந்துவிடாது; ஒரு சட்டத்தை நீக்குவதால் அது ஏற்கெனவே நீக்கிய முந்தைய சட்டம் உயிர்பெறாது. பரம்பரை அறங்காவலர் இல்லாத கோயிலின் சாவி யாரிடம் போகும் என்பதற்குப் புதிதாக விடை எழுத வேண்டும். மயிலாப்பூரில் கோயில் மனையில் வீடு கட்டிக்கொண்டு தலைமுறையாகக் குடியிருப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் அனுமதி வேண்டும் என்பது 34ஆவது பிரிவு. அவருடைய நியாய வாடகை 34-அ பிரிவின்படி நிர்ணயிக்கப்பட்டது. பாக்கி வைத்துக் குத்தகை ரத்தானால் 78ஆவது பிரிவின் கீழ் ஆக்கிரமிப்பாளராகக் கருதி இணை ஆணையரால் வெளியேற்றப்படலாம், அதை எதிர்த்து அவர் போட்ட மனு நிலுவையில் இருக்கலாம். அந்த வாடகையை இனி யார் வாங்குவது, அந்த மனுவை யார் விசாரிப்பது, பழைய பாக்கியில் கோயிலுக்கு எவ்வளவு என்று நீக்கச் சட்டம் சொல்லியாக வேண்டும். சொல்லும்போது, எழுதுபவர் வேறு வழியில்லாமல் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு எண்களையே மறுபடி எழுதுவார்.